ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு நூறு ரூபாய்

பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை யார் என்பதை இளைஞர் நீதிச் சட்டம் 2015 பன்னிரண்டு உட்பிரிவுகளில் சொல்கிறது. போக்கிடமின்றித் திரிவது, பிச்சையெடுப்பது, சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்படுவது, கூட இருப்பவரே அடித்துத் துன்புறுத்துவது, திருமண வயதை எட்டுமுன் கல்யாணம் நடக்கும் நிலையில் இருப்பது எல்லாம் அதில் வரும். வறுமை என்ற ஒன்றையே காரணமாக்கிப் பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க அதில் இடமில்லை. குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்பது சட்டத்திலேயே எழுதப்பட்ட கொள்கை.

குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குத் தகவல் வந்து பிள்ளை மீட்கப்பட்டால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழுவின் முன் நிறுத்த வேண்டும். அந்தக் குழுவில் தலைவர் ஒருவர், உறுப்பினர் நால்வர். அவர்களில் ஒருவராவது பெண். மாதம் 20 நாளாவது கூட வேண்டும். இறுதி முடிவுக்குக் குறைந்தது மூவர் தேவை. பிள்ளை முதலில் வந்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் உத்தரவு, அதற்கு வழிசெய்யும் சமூக விசாரணை 15 நாளுக்குள். இந்த 15 நாளில்தான் எல்லாம் தீர்மானமாகிறது. வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் சம்பாதிக்கிறார்கள், பாட்டியோ அத்தையோ வைத்துப் பார்த்துக்கொள்வார்களா என்று களப்பணியாளர் நேரில் போய்க் கேட்டு எழுதுவதை வைத்தே, பிள்ளை வீட்டுக்குத் திரும்புமா இல்லத்துக்குப் போகுமா என்பது முடிவாகும்.

இல்லம் என்றால் செலவு எவ்வளவு? மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வத்சல்யாவில் பராமரிப்புத் தொகை பிள்ளைக்கு மாதம் 3,000 ரூபாய், நாளுக்கு நூறு. மூன்று வேளைச் சாப்பாடு, துணிமணி, சோப்பு, எண்ணெய் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பணியாளர் சம்பளமும் கட்டடமும் தனிக்கணக்கு. 50 பிள்ளைகள் தங்கும் இல்லத்துக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் மாதிரி விதிகள் சொல்வது தலைக்கு 40 சதுர அடி படுக்கை இடம், 8 கழிப்பறை, 5 குளியலறை. பத்துப் பேருக்கு ஒரு குளியலறை. ஆளுக்குப் பத்து நிமிடம் என்றாலே கடைசிப் பிள்ளை குளித்து வர ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும். பள்ளி மணி அடிப்பதற்குள் இது தினமும் முடிந்தாக வேண்டும்.

அதே பிள்ளை தாயோடு வீட்டில் இருக்க, அதே திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு, ஆண்டுக்கு 48,000. கணவனை இழந்தவர், கைவிடப்பட்டவர், உயிர்க்கொல்லி நோயில் விழுந்த பெற்றோர் ஆகியோரின் பிள்ளைகளுக்கும், உறவினர் வீட்டில் வளரும் அநாதைப் பிள்ளைகளுக்கும் இது கிடைக்கும். எத்தனை பேருக்கு என்பதுதான் கவலை. திட்டத்துக்கு மத்திய பட்ஜெட் 2022-23இல் ஒதுக்கியது 1,472 கோடி. அடுத்த இரண்டு ஆண்டும் அதே தொகை. 2025-26இல் 1,500 கோடி. பெரும்பாலான மாநிலங்களில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம். அதாவது 48,000இல் 28,800. இல்லங்களுக்கோ 1098க்கோ நலக்குழுவுக்கோ ஒரு பைசாகூடத் தராமல் 1,500 கோடியையும் நிதி ஆதரவுக்கே கொட்டினாலும் சுமார் 5.2 லட்சம் பிள்ளைகளுக்கு மேல் எட்டாது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் 18 வயதுக்குட்பட்டவர்கள் 44 கோடிக்கும் மேல்.

என்னை மிகவும் உறுத்துவது இந்த நிதி ஆதரவுக்கான வருமான வரம்பு: கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000. தமிழ்நாட்டில் 2025-26க்கான நூறுநாள் வேலைக் கூலி 336 ரூபாய். அதே கூலிக்கு வயலிலும் வேறிடத்திலுமாக ஆண்டில் 215 நாள் உழைக்கும் ஒரு தாயின் வருமானம் 72,240. 240 ரூபாய் கூடிப்போனதால் அவளுக்கு 48,000 கிடையாது. சமாளிக்க முடியாமல் அவளே பிள்ளையை இல்லத்தில் விட்டால், அங்கே அரசு மாதம் 3,000 தருவதோடு சம்பளமும் கட்டடச் செலவும் ஏற்கும். இந்த வரம்பை நூறுநாள் வேலைக் கூலியோடு இணைத்து, கூலி ஏறும் ஒவ்வோர் ஆண்டும் சேர்த்து ஏற்ற வேண்டும். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. திட்ட வழிகாட்டு நெறிமுறையில் ஒரு வரியை மாற்றினால் போதும்.