உங்களுக்குத் தெரியுமா? முன்பாரம், பின்பாரம்
திருவண்ணாமலைப் பக்கத்து மாட்டுவண்டிக்காரருக்கு இது பழைய பாடம்: முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து புண்ணாகும், பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பும். செய்யாறு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இழுக்கும் டிராக்டருக்கும் இதே கணக்குதான். இருசக்கர டிரெய்லரின் முன்பாரம் கொக்கியை அளவு மீறி அழுத்தினால், டிராக்டரின் முன்சக்கரம் லேசாகிவிடும். அப்புறம் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது.

அமெரிக்காவில் கார் இழுக்கும் கேரவனில், மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் விழும்படி சாமான் ஏற்றுகிறார்கள். குறைந்தால் கேரவன் சாலையில் வாலாட்டும். அந்தப் பாரம் காரின் பின்புறத்தை அமுக்காதிருக்க, ஸ்பிரிங் கம்பிகளால் நெம்பி, ஒரு பங்கைக் காரின் முன்அச்சுக்கும் இன்னொரு பங்கைக் கேரவன் அச்சுக்கும் தள்ளுகிறார்கள். கெட்டிக்கார ஏற்பாடு! ஆனால் மொத்த எடை ஒரு கிலோகூடக் குறையாது.