கழுத்துத் தசை இசிவு

கழுத்துத் தசை இசிவு என்பது கழுத்துத் தசைகள் ஒருவரின் விருப்பமின்றித் தாமாகவே இறுகி, தலையைத் திருப்பும் அல்லது சாய்க்கும் ஒரு நரம்பியல் நோய் ஆகும். இது மருத்துவத்தில் கழுத்து டிஸ்டோனியா என அழைக்கப்படுகிறது. சில நாட்களில் குணமாகும் கழுத்துச் சுளுக்கிலிருந்து இது வேறுபட்டது. பெரும்பாலும் நடுத்தர வயதில் தொடங்கும் இந்நோய், ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

காரணம்

தசை இறுகுவது கழுத்தில் எனினும், கோளாறு மூளையில் உள்ளது. அசைவுகளை ஒழுங்குபடுத்தும் மூளைப்பகுதிகளின் செயற்பாடு பிறழ்வதே காரணம் எனக் கருதப்படுகிறது. நோயாளி தன் கன்னத்தையோ தாடையையோ விரலால் தொடும்போது இசிவு சற்று நேரம் தணிவதுண்டு. இதனால் இந்நோய் முற்காலத்தில் மனநோய் எனத் தவறாகக் கருதப்பட்டது.

மனநோய்க்கான சில மருந்துகளும், வாந்தியை நிறுத்தும் மெட்டோகுளோப்பிரமைடும் திடீர் இசிவை உண்டாக்கக்கூடும். இவ்வகை இசிவு உரிய மாற்று மருந்தால் விரைவில் நீங்கும். எனவே, உட்கொள்ளும் மருந்துகளை மருத்துவரிடம் கூறுதல் இன்றியமையாதது.

சிகிச்சை முறைகள்

நோயை முற்றிலும் நீக்கும் சிகிச்சை இல்லை. எனினும் வலியையும் இசிவையும் பெருமளவு குறைக்க இயலும்.

பொட்டுலினம் நச்சு ஊசி: இதுவே முதன்மையான சிகிச்சை ஆகும். குளோஸ்டிரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியா உண்டாக்கும் இந்நச்சு, மிகச் சிறிய அளவில் இறுகிய தசைகளில் செலுத்தப்படுகிறது. இது நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் வெளிப்படுவதைத் தடுப்பதால் தசை தளர்கிறது. ஐக்கிய அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் இந்நோய்க்கு இதன் ஏ, பி ஆகிய இரு வகைகளும் ஒப்புதல் பெற்றன. பயன் ஓரிரு வாரங்களில் தெரியத் தொடங்கி, ஏறத்தாழ 3 மாதங்கள் நீடிக்கும். பின்னர் மீண்டும் ஊசி போடவேண்டும். கழுத்துத் தளர்ச்சி, வாய் உலர்தல், விழுங்குவதில் இடர் ஆகியன பக்கவிளைவுகள். விழுங்கவோ மூச்சுவிடவோ இயலாவிடின் உடனே மருத்துவ உதவி பெறவேண்டும்.

வாய்வழி மருந்துகள்: டிரைஹெக்சிபெனிடில், குளோனசெபாம், பேக்லோபென் ஆகியன சிலருக்குப் பயன் தருகின்றன. மயக்கம், மறதி போன்ற விளைவுகளால் இவற்றின் அளவைக் கூட்டுவது கடினம்.

இயன்முறை மருத்துவம்: உடற்பயிற்சி தலையின் நிலையைச் சீராக்கவும் வலியைக் குறைக்கவும் உதவும். இது பெரும்பாலும் ஊசியுடன் இணைத்தே அளிக்கப்படுகிறது.

அறுவைச் சிகிச்சை: பிற முறைகள் பயனளிக்காதபோது ஆழ்மூளைத் தூண்டல் மேற்கொள்ளப்படுகிறது. இதில் மூளையின் உட்பகுதியில் மின்முனைகள் பொருத்தப்பட்டு, மார்புத் தோலின் கீழுள்ள கருவியிலிருந்து மின்துடிப்புகள் அனுப்பப்படுகின்றன. இதன் முழுப்பயன் தெரியப் பல மாதங்கள் ஆகலாம். இறுகும் தசைகளுக்குச் செல்லும் நரம்புகளை மட்டும் துண்டிக்கும் முறையும் உண்டு.