எரியும் காலும் சோர்ந்த மனமும்

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரைப் போன்ற ஊர்களில், தென்னையிலிருந்து விழுந்தோ, கிணற்று வேலையில் தவறியோ, சாலை விபத்தில் சிக்கியோ தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவற்றுப்போன ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால், "உயிர் பிழைத்ததே புண்ணியம்" என்று சொல்லி ஊரார் முடித்துக்கொள்கிறார்கள். அந்த மனிதர் அதன்பின் இருபது முப்பது வருஷங்கள் அதே சரீரத்தோடு ஜீவித்து முதுமையை எட்டுகிறார் என்பதையும், அப்போது வலியும் மனச்சோர்வும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டு அவரைப் பீடிக்கின்றன என்பதையும் யாரும் யோசிப்பதில்லை.

ஊசியால் குத்தினாலும் தெரியாத காலில், நள்ளிரவில் தணலைக் கொட்டியதுபோல எரிச்சல் எடுக்கிறது. "உணர்ச்சியே இல்லாத காலில் வலி ஏது?" என்று வீட்டார் கேட்கிறார்கள். சேதமுற்ற நரம்புப் பாதையில் எழும் பிசகான சமிக்ஞைகளே அந்த வேதனைக்குக் காரணம், அது கற்பனையன்று. கடையில் கேட்டு வாங்கும் சாதாரண வலிமாத்திரை இதற்கு அநேகமாகப் பலிப்பதில்லை, நெடுங்காலம் விழுங்கினால் சிறுநீரகத்துக்கும் கேடு. காபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் முதலிய வேறு வகை மருந்துகள் உண்டு. அவற்றை மருத்துவரின் சொற்படி தொடங்கவேண்டும், சட்டென்று நிறுத்தவும் கூடாது. இதோடு, கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கும் உடம்பு முழுவதையும் கைகளால் தூக்கித் தூக்கி, கால்களின் வேலையையும் சேர்த்துச் சுமந்த தோள்மூட்டு வயதேற ஏறத் தேய்ந்துபோகிறது. பழகிய வலி திடீரென மிகுந்தாலோ, புதிய இடத்தில் தோன்றினாலோ, சிறுநீர்த் தொற்றோ, படுக்கைப்புண்ணோ, தண்டுவடத்துக்குள் நீர்க்கட்டியோ காரணமாக இருக்கலாமாதலால், முதுமையின் மேல் பழிபோட்டுச் சும்மா இருப்பது அபாயம்.

தண்டுவடப் பாதிப்புற்றோரில் நூற்றுக்கு 20 முதல் 30 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, "நான் பாரமாகிவிட்டேன்" என்ற ஓயாத புலம்பல் இவற்றைச் சுபாவமென்று விட்டுவிடாமல், வலிக்கும் மனத்துக்கும் ஒருங்கே சிகிச்சை தேடவேண்டும்.

இத்தகைய பாதிப்பை மீறி நின்றவர்களும் உண்டு. 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கழுத்தெலும்பு முறிந்து கைகால்கள் செயலிழந்த பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தை நிறுவி, 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருடைய மனவுறுதியைப் போற்றுகிறோம், நியாயமே. ஆனால் மனவுறுதி இல்லாதவருக்கும் சிகிச்சை பெறும் பாத்தியதை உண்டு, அதற்கு வீரம் நிபந்தனையாகாது.

இந்தப் பாத்தியதை சட்டத்தின் வாக்கு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மருத்துவமனைகளில் தடையற்ற அணுகலையும் சிகிச்சையில் முன்னுரிமையையும் அளிக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் மனநல சேவையை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியதோடு, மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு வழங்கப் பணிக்கிறது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரண ஆதரவு சிகிச்சையும் வீட்டு வாசலுக்கே வரவேண்டியவை. தண்டுவடப் பாதிப்புக்கான மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கும் அடையாள அட்டைக்கும் பெரம்பலூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். காரியம் நடவாவிடில், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.

உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால், வலி எங்கே, தூக்கம் வருகிறதா என்று இன்றே விசாரியுங்கள். சாவைப் பற்றி அவர் பேசினால் அவரைத் தனியே விடாமல், எந்த நேரமும் இலவசமாகப் பேசக்கூடிய 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணை அழையுங்கள்.