பரிசோதனை அறையில் 'நன்றாக இருக்கிறேன்' என்று சொல்லாதீர்கள்

போர்முனையில் ஒருவர் எவ்வளவு கொடுமையைப் பார்த்தார் என்பதற்கு அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை அளவுகோல் எதுவும் வைத்திருக்கவில்லை. அந்த அதிர்ச்சி இன்று அவருடைய வேலையையும் உறவுகளையும் எந்த அளவுக்கு முடக்கியிருக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. அதிர்ச்சியால் வரும் பிடிஎஸ்டி என்ற மனநோய்க்கு 0, 10, 30, 50, 70, 100 விழுக்காடு என ஆறே படிகள். மாத இழப்பீடு அந்தப் படியைப் பொறுத்தது.

இது தெரியாமல், படியை முடிவுசெய்ய நலத்துறை நடத்தும் மருத்துவப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ஒருவர் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்காருவார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், புலம்பக் கூடாது என்று படையில் பழகிய நாக்கு 'நன்றாக இருக்கிறேன்' என்றுதான் சொல்லும். கதவைப் பார்த்தபடியே படுப்பது, பட்டாசு வெடித்தால் குளியலறையில் போய் ஒளிவது, பயந்துபோன மனைவி வேறு அறையில் தூங்குவது எதுவும் வெளியே வராது. சொல்லாதது அறிக்கையில் ஏறாது.

பீதித் தாக்குதல் வாரத்துக்கு ஒருமுறையோ அதற்குக் குறைவாகவோ வருவது 30 விழுக்காட்டுக்கான அறிகுறி. அதற்கு மேல் வருவது 50-க்கானது. தற்கொலை எண்ணம் 70-இல் இருக்கிறது. இவையெல்லாம் எடுத்துக்காட்டுகள்தான், பட்டியலில் உள்ள அத்தனையும் இருக்க வேண்டியதில்லை என்று 2002-லேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. 70-இல் இருப்பவர் இந்த நோயால் நிலையான வேலை பார்க்க முடியாவிட்டால், 100-க்குரிய தொகையையே கேட்கலாம்.

படைப் பதிவேட்டில் சம்பவம் இல்லையே என்று தயங்க வேண்டாம். எதிரித் தாக்குதல் பற்றிய அச்சமே நோய்க்குக் காரணம் என்றால், 2010 முதல் விதி தளர்ந்திருக்கிறது. நலத்துறையின் மனநல மருத்துவர் அதை உறுதிசெய்து, மனுதாரர் பணியாற்றிய இடமும் சூழலும் அதற்குப் பொருந்தி வந்தால், அவருடைய சொந்த வாக்குமூலமே போதும். படைக்குள் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் அப்போது புகார் கொடுக்காமல் இருந்திருக்கலாம். திடீரென இடமாற்றம் கேட்ட கடிதமும், அறைத்தோழி எழுதித் தரும் சாட்சியமும் அவர்களுக்கு ஆதாரமாகும். மனைவி, அண்ணன், உடன் பணியாற்றியவர் என யாரும் தாங்கள் கண்டதை எழுதித் தரலாம். நாள்குறிப்பு போல நடந்ததை அப்படியே எழுதுங்கள்.

இழப்பீட்டு மனு போடப்போவதாக நலத்துறையிடம் முதலில் தெரிவித்துவிட்டால், முழு மனுவைத் தர ஓராண்டு அவகாசம் உண்டு. தெரிவித்த நாளிலிருந்தே நிலுவை கணக்காகலாம். மறுத்தாலோ குறைத்துக் கொடுத்தாலோ, ஓராண்டுக்குள் புதிய ஆதாரத்தோடு கேட்கலாம், மூத்த அதிகாரியின் மறுஆய்வு கோரலாம், நலத்துறையின் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம்.

முதல் மனுவைத் தயாரிக்க யாரும் கட்டணம் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. 'பங்கு கொடுங்கள், விழுக்காடு வாங்கித் தருகிறோம்' என்பவர்களிடம் போகாதீர்கள். அமெரிக்கன் லீஜியன் போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாகவே உதவுகிறார்கள்.

தற்கொலை எண்ணம் வந்தால் மனுவெல்லாம் அப்புறம். அமெரிக்காவில் இருப்பவர்கள் 988-ஐ அழைத்து எண் 1-ஐ அழுத்துங்கள். இரவு பகல் எந்நேரமும் ஆட்கள் இருப்பார்கள்.