தோட்டக் கொட்டகை: தகரமா, பிளாஸ்டிக்கா?

மண்வெட்டியும் பூவாளியும் வைக்க ஒரு கொட்டகை என்றதும், "தகரம் சுடும், பிளாஸ்டிக் போடுங்கள்" என்பார்கள். சுடுவது வேறு, கெடுவது வேறு. பிளாஸ்டிக்கின் முதல் எதிரி வெயிலின் புற ஊதாக் கதிர். அது பாலிமரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைத் துண்டிக்கிறது. நிறம் வெளுத்து, மேற்பரப்பு மாவாகி, கடைசியில் கை பட்டாலே விரிசல் விடும். காப்புச் சேர்மங்கள் இதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். மரத்துக்குக் கதிரோடு மழையும் கரையானும் சேர்ந்துகொள்கின்றன. தகரம் என்று நாம் சொல்லும் எஃகுத் தகட்டை அந்தக் கதிர் ஒன்றும் செய்வதில்லை. அதற்குப் பகை ஈரம்தான். அதனால்தான் 55% அலுமினியமும் மீதியில் பெரும்பகுதி துத்தநாகமும் கலந்த பூச்சுள்ள தகடு நல்ல தேர்வு. அலுமினியம் அரணாக நிற்க, கீறல் விழுந்த இடத்தில் துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கிறது.

சூடு என்ற ஆட்சேபம் பொய்யல்ல. ஆனால் காரணம் உலோகம் என்பதைவிட அதன் மேற்பரப்பு. பளபளக்கும் வெற்றுத் தகடு வாங்கிய வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக எளிதில் வெளிவிடாது. வெள்ளைப் பெயின்ட் வெயிலையும் திருப்பும், வெப்பத்தையும் வெளிவிடும். கூரைக்குக் கீழே எதிரெதிர் சுவர்களில் காற்றுவழியும் வேண்டும். கடலோரத்தில் மட்டும் என் பேச்சு எடுபடாது. உப்புக்காற்றுக்கு அலுமினியத் தகடோ சிமென்ட் பலகையோ மேல். பல உரங்களும் உப்புதான், எஃகுச் சுவரில் உரமூட்டையைச் சாய்த்து வைக்க வேண்டாம்.