குருத்தணுக்களின் நடத்தையை அறிவதில் கணினி உருவகப்படுத்துதல்: பொருத்தமும் நிறுவலும்

முன்னுரை

ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணு, தன்னையே புதுப்பித்துக்கொள்ளும் ஆற்றலும் வேறு வகை உயிரணுவாக மாறும் ஆற்றலும் ஒருங்கே உடையது. தனியொரு குருத்தணு இவ்விரண்டில் எவ்வழியை மேற்கொள்ளும் என்பதை நுண்ணோக்கியால் எளிதில் முன்னறிய இயலாது. ஆகவே ஆய்வாளர் ஒரு விதியைக் கருதிக்கொண்டு, அதைக் கணினியில் இயக்கி, விளைவை ஆய்வக அளவீட்டுடன் ஒப்பிடுகின்றனர். இவ்வொப்பீடு எதை நிறுவுகிறது, எதை நிறுவுவதில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தற்செயலும் குருத்தணுவும்

எலும்பு மச்சை செலுத்தப்பட்ட எலிகளின் மண்ணீரலில் தோன்றும் உயிரணுத் திரள்களைக் கனடாவின் டில், மெக்கல்லக் ஆகியோர் 1961இல் விவரித்தனர். அத்திரள்களில் இருந்த குருத்தணுக்களின் எண்ணிக்கை திரளுக்குத் திரள் பெரிதும் வேறுபட்டது. 1964இல் அவர்கள் சிமினோவிச்சுடன் இணைந்து, தற்செயல் எண்களைப் பயன்படுத்தும் மான்டே கார்லோ முறையால் இதனை ஆராய்ந்தனர். அவர்தம் மாதிரியில் ஒவ்வோர் அணுவும் குறித்த நிகழ்தகவின்படி இரண்டு குருத்தணுக்களாகப் பிரியும், இல்லையேல் முதிர்ச்சியடையும்.

பிரிவதற்கான நிகழ்தகவு 0.6 எனக் கொள்வோம். ஓர் அணுவில் தொடங்கினால், 20 தலைமுறைக்குப் பின் சராசரியாக ஏறத்தாழ 38 குருத்தணுக்கள் இருக்கும். ஆயினும் மூன்றில் இரண்டு பங்கு வழித்தோன்றல்கள் இறுதியில் குருத்தணுவே இன்றி முடியும். ஒரே விதி இத்துணை வேறுபாட்டை விளைவிக்கப் போதுமானது. எனினும், போதுமானது என்பதனாலேயே அதுதான் உண்மையான காரணம் என்றாகிவிடாது.

தரமணி ஆய்வு

சென்னை அடையாற்றை அடுத்த தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ஆய்வு இவ்விடத்தில் கருதத்தக்கது. 1962இல் அதனைத் தோற்றுவித்த அல்லாடி இராமகிருட்டிணன் தற்செயல் நிகழ்முறைக் கணிதத்தில் வல்லவர். மயிலாப்பூரில் தம் இல்லமாகிய ஏகாம்ர நிவாசத்தில் அவர் நடத்திய கருத்தரங்கே அந்நிறுவனத்திற்கு வித்தாயிற்று.

அந்நிறுவன ஆய்வாளர்கள் பங்கேற்று 2023இல் வெளிவந்த ஆய்வொன்று, அரபிடாப்சிஸ் செடியின் வேர்க் குருத்தணுக்களைப் பூலியன் மாதிரியால் அணுகியது. இம்மாதிரியில் மரபணு ஒவ்வொன்றும் இயங்கும் அல்லது இயங்காதிருக்கும். வலைப்பின்னல் வந்தடையும் நிலையான அமைப்புகளே உயிரணு வகைகள். மூன்று மரபணுக்களால் கட்டுப்படுத்தப்படும் ஒரு மரபணுவுக்கு 256 விதிகள் இயலும், நான்காயின் 65,536. ஆகவே எண்ணற்ற மாதிரிகள் அதே உயிரணு வகைகளைத் தரக்கூடும்.

அவற்றுள் தெரிவு செய்ய, நிலைப்புத்தன்மை அளவுகோலாயிற்று. சிறு தற்செயல் மாற்றங்களுக்கு உட்படுத்தும்போது, குருத்தணு நிலையிலிருந்து முதிர்ந்த நிலைக்குச் செல்வது எளிதாகவும் மீள்வது அரிதாகவும் அமைய வேண்டும். வளர்ச்சி வரிசைக்கு முரணான மாதிரிகளை இவ்வாறு விலக்கலாம்.

முடிவுரை

உருவகப்படுத்துதலை மதிப்பிடுவோர், விளைவு தரவுடன் பொருந்துகிறதா என்று கேட்பதோடு நிறைவடைதல் கூடாது. அதே தரவுடன் பொருந்தும் பிற விதிகள் எவை, அவற்றை வேறுபடுத்தும் சோதனை எது என்றும் வினவ வேண்டும். கணினி ஆய்வகத்திற்கு மாற்றன்று. ஆய்வகம் அடுத்துக் கேட்க வேண்டிய வினாவைக் கூர்மைப்படுத்துவதே அதன் பயன்.