டைனோ வாங்கப் போகிறீர்களா? சுமையைத் தாங்கிப் பிடிக்கும் கருவியைக் கேளுங்கள்

அரியலூர் சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிவரும் டிப்பர் ஓட்டுநர், பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளக் காட்டில் ரோட்டவேட்டர் ஓட்டும் டிராக்டர்காரர், திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் தினமும் போய்வரும் டீசல் கார்க்காரர் என யார் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாலும் சொல்லும் குறை ஒன்றுதான்: “வண்டியில புல்லிங் இல்ல.” மெக்கானிக் ஏர் ஃபில்டரை மாற்றுவார், இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வார், டர்போ குழாயில் காற்றுக் கசிகிறதா என்று கை வைத்துப் பார்ப்பார். பிறகு வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, “இப்பப் பரவாயில்ல” என்பார். எவ்வளவு பரவாயில்லை என்று எண்ணில் சொல்வதற்கு இருக்கும் கருவி டைனமோமீட்டர். தொழிலில் இருப்பவர்கள் வாயில் ‘டைனோ’.

அரியலூர், பெரம்பலூர் ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் இயந்திரவியல் படித்தவர்கள் இதன் எளிய வடிவத்தைக் கல்லூரி ஆய்வகத்தில் தொட்டுப் பார்த்திருப்பார்கள். கிணற்றடியில் தண்ணீர் இறைத்த அதே வகை ஒற்றை சிலிண்டர் கிர்லோஸ்கர் டீசல் எஞ்சின், அதன் தண்டில் ஒரு இரும்பு டிரம், டிரம்மைச் சுற்றி ஒரு கயிறு. கயிற்றின் ஒரு முனையில் எடைக்கல், மறுமுனையில் ஸ்பிரிங் தராசு. எடைக்கல்லைக் கூட்டக் கூட்டக் கயிறு டிரம்மை இறுக்குகிறது. எஞ்சின் அந்த இறுக்கத்தை எதிர்த்துச் சுற்றுகிறது. 5 குதிரைத்திறன் எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றில் முழுச் சுமையில் ஓடினால், அது தரும் முறுக்குவிசை சுமார் 23.5 நியூட்டன் மீட்டர். டிரம்மின் ஆரம் 15 செ.மீ. என்றால், எடைக்கல்லுக்கும் தராசுக்கும் இடையே 16 கிலோ வித்தியாசம் காட்ட வேண்டும். அவ்வளவு எளிய கணக்கு. டிரம்மின் உள்விளிம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். இல்லாவிட்டால் கயிறு கருகிவிடும். எஞ்சின் கொடுத்த திறன் முழுவதும் அங்கே வெப்பமாகத்தான் மாறுகிறது.

1821-இல் பிரான்ஸின் காஸ்பார் த ப்ரோனி செய்த மரக்கட்டை பிரேக்கும், 1877-இல் இங்கிலாந்தின் வில்லியம் ஃப்ரூட் கப்பல் எஞ்சின்களுக்காகச் செய்த நீர் பிரேக்கும் இதே வேலையைத்தான் செய்தன. இன்று விற்கும் டைனோவின் திரையில் எத்தனை வண்ணக் கோடுகள் ஓடினாலும், உள்ளே அளக்கப்படுபவை இரண்டுதான்: முறுக்குவிசை, சுற்றுவேகம். நியூட்டன் மீட்டரைச் சுற்று எண்ணால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட். குதிரைத்திறனை எந்தக் கருவியும் நேரடியாக அளப்பதில்லை. அது கணக்குப் போட்டு வருவது.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் உச்ச எண்ணின் மீதுள்ள மயக்கம் குறையும். மாருதி ஸ்விஃப்ட் டீசலில் வந்த 1248 சிசி எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்களில் இன்னும் நிறைய ஓடுகிறது. நிறுவனம் சொன்ன எண்கள்: 4000 சுற்றில் 75 பி.எஸ். (மெட்ரிக் குதிரைத்திறன்), 2000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர். 2000 சுற்றில் அதன் திறன் 54 பி.எஸ்.தான், 4000 சுற்றில் 75 பி.எஸ். தரும்போதோ முறுக்குவிசை 132 நியூட்டன் மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. ஆள் ஏற்றிக்கொண்டு பச்சைமலை ஏறும் வண்டி 4000 சுற்றில் ஏறாது. 1800, 2200 என்ற இடத்தில்தான் மூச்சைப் பிடித்து ஏறும். டியூனிங் செய்பவர் பார்க்க வேண்டிய இடமும் அதுவே. அந்த இடத்தில் எஞ்சினை நிறுத்திவைத்துப் பார்க்க முடிகிறதா என்பதில்தான் ஒரு டைனோவும் இன்னொரு டைனோவும் வேறுபடுகின்றன.

கார் ஒர்க்‌ஷாப்புகள் பெரும்பாலும் வாங்குவது சேஸிஸ் டைனோ. வண்டியை ரோலர் மேல் ஏற்றிக் கட்டிவிட்டு, கியர் போட்டு ஓட்டுவது. இதில் மலிவானது இனர்ஷியா வகை. எடை தெரிந்த கனமான ஒரு டிரம். அதை வண்டி எவ்வளவு விரைவாகச் சுழற்றி வேகமெடுக்க வைக்கிறது என்பதிலிருந்து திறனைக் கணக்கிடுகிறார்கள். பழுதாக அதிகம் எதுவும் இல்லை. ஒரே வண்டியை மறுபடி ஓட்டினால் கிட்டத்தட்ட ஒரே எண் வரும். பைக்குக்கும் டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் காருக்கும் இது போதும். ஆனால் இதனால் 2000 சுற்றில் வண்டியைப் பிடித்து நிறுத்த முடியாது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சுற்று ஏறிக்கொண்டே போகும். சில விநாடிகளில் ஓட்டம் முடிந்துவிடும். டர்போ டீசலில் காற்றழுத்தம் முழுதாகக் கட்டுவதற்கு முன்பே அந்தச் சுற்றைத் தாண்டியிருப்பீர்கள்.

சுமை கொடுக்கும் வகையில், ரோலரோடு ஒரு பிரேக் இணைந்திருக்கும். பெரும்பாலும் எடி கரண்ட் பிரேக்: காந்தப்புலத்துக்குள் ஒரு உலோகத் தட்டு சுழல்கிறது, கம்பிச் சுருளில் மின்சாரத்தைக் கூட்டினால் தட்டு இழுபடுகிறது. மலைப்பாதைப் பேருந்துகளில் வரும் மின்காந்த ரிட்டார்டரும் இதே தத்துவம்தான். 2000 சுற்று என்று கணினியில் குறித்துவிட்டால், எவ்வளவு மிதித்தாலும் அங்கேயே பிடித்து நிறுத்தும். எரிபொருள் அளவு, டர்போ அழுத்தம், புகை, வெளியேறும் வாயுவின் வெப்பம் ஆகியவற்றை நிதானமாகப் படித்து, எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினியான ஈ.சி.யு.வின் அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்தையும் திருத்தலாம். டீசலும் சுமையும் நிறைந்த இந்தப் பகுதிக்கு என் தேர்வு இதுதான். பட்ஜெட் இடிக்கிறது என்றால், பின்னாளில் பிரேக் சேர்த்துக்கொள்ள இடம் விட்டுச் செய்த இனர்ஷியா டைனோவையாவது பார்க்கலாம்.

எடி கரண்ட் பிரேக்குக்கு ஒரு பலவீனம் உண்டு. மின்சாரம் போன கணமே பிடி விட்டுவிடும். முழுச் சுமையில் இருந்த எஞ்சின் சட்டென்று சுற்றேறிப் பறக்கும். கட்டுப்பாட்டுப் பகுதிக்கு யு.பி.எஸ்., மின்சாரம் அறுந்தால் எஞ்சினை நிறுத்தும் ஏற்பாடு ஆகிய இரண்டும் இல்லாமல் வாங்கவே கூடாது.

எஞ்சினைக் கழற்றித் தனியே வைத்து அளக்கும் எஞ்சின் டைனோவுக்கு நீர் பிரேக் மலிவு. பெரிய திறனையும் தாங்கும். ஆனால் நம் ஊரில் அதைப் பற்றி இருமுறை யோசிக்க வேண்டும். 100 கிலோவாட் எஞ்சினைச் சோதித்தால் அந்த 100 கிலோவாட்டும் தண்ணீரில் வெப்பமாக இறங்குகிறது. தண்ணீரின் வெப்பம் 30 டிகிரி மட்டும் ஏறலாம் என்று வைத்தால், நிமிடத்துக்குச் சுமார் 48 லிட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதைக் குளிரவைத்துத் திரும்பப் பயன்படுத்தத் தொட்டியும் கூலிங் டவரும் வேண்டும். மழை குறைந்த மாவட்டம் ஒரு பக்கம். சுண்ணாம்புப் பாறை மறுபக்கம். சிமென்ட் ஆலைகளுக்கு வாழ்வு தரும் அதே பாறை வழியாக வரும் போர் தண்ணீர் உப்புப் படிந்து, பிரேக்கின் குறுகிய வழிகளை அடைக்கும். மென்னீராக்கும் கருவியின் செலவையும் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். காற்றில் குளிரும் எடி கரண்ட் பிரேக்குக்குத் தண்ணீரே தேவையில்லை. ஆனால் தொடர்ந்து நீண்ட நேரம் முழுச் சுமையில் வைத்தால் சூடேறிப் பிடி தளரும். காரை டியூன் செய்ய அது பெரிய குறையல்ல.

அடுத்து, காகிதத்தில் அச்சாகி வரும் எண்.

கம்பெனி சொல்லும் 75 பி.எஸ். எஞ்சின் தண்டில் அளந்தது. ரோலரில் வருவது கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டயர் எல்லாம் தின்றது போக மிச்சம். அதனால் குறைவாகத்தான் வரும். வண்டியில் கோளாறு என்று பதற வேண்டாம். இழப்பு இத்தனை சதவீதம் என்று ஒரே எண்ணை எல்லா வண்டிக்கும் கூட்டி ‘எஞ்சின் திறன்’ என்று அச்சிடும் மென்பொருளை நம்ப வேண்டாம். டயர் காற்று குறைந்தாலே எண் மாறும். வண்டியைக் கட்டும் பெல்ட்டை இறுக்கினாலும் மாறும். நாரணமங்கலத்தில் டயர் ஆலையே இருக்கும் பெரம்பலூர் மாவட்டத்தில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. டயரைக் கழற்றிவிட்டு ஹப்பில் நேரடியாகப் பூட்டும் டைனோவும் உண்டு. வழுக்கல் தொல்லை இல்லை, விலைதான் அதிகம்.

இதைவிடப் பெரிய குழப்பம் வானிலைத் திருத்தத்தில் வருகிறது. சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால், அளந்த எண்ணைப் பொது நிலைக்கு மாற்றிச் சொல்வது வழக்கம். எஸ்.ஏ.இ. ஜே 1349 விதி 25 டிகிரி வெப்பத்தையும் 99 கிலோபாஸ்கல் உலர் காற்றழுத்தத்தையும் அடிப்படையாக வைக்கிறது. சித்திரை வெயிலில் ஒர்க்‌ஷாப்புக்குள் 40 டிகிரி இருந்தால், வெப்பத்துக்காக மட்டுமே அந்த விதி ஏறத்தாழ 3 சதவீதம் கூட்டும். காற்றின் ஈரப்பதம் அதை மேலும் ஏற்றும். ‘எஸ்.டி.டி.’ என்று மென்பொருளில் இருக்கும் பழைய விதியைத் தேர்ந்தெடுத்தால், அதே ஓட்டத்துக்கு எஸ்.ஏ.இ. எண்ணைவிட 4 சதவீதம் அளவுக்குக் கூடுதலாக வரும். இந்த வாய்பாடு டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினை மனதில் வைத்து எழுதியது. டர்போ தன் அழுத்தத்தைத் தானே கட்டிக்கொள்வதால், அதே திருத்தத்தை டர்போ டீசலுக்கும் போட்டால் இல்லாத திறனைக் காகிதத்தில் சேர்ப்பதாகிவிடும். ஈ.சி.யு. அட்டவணையைத் திருத்தும் ரிமேப்புக்கு முன் ஒரு விதி, பின் ஒரு விதி என்று வைத்துவிட்டால், எதையும் தொடாமலேயே முன்னேற்றம் காட்டலாம். வாடிக்கையாளர்கள் திருத்தாத எண்ணையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நேர்மையான கடைக்காரர் கேட்காமலேயே கொடுப்பார். பி.எஸ். என்பது 735.5 வாட், எச்.பி. என்பது 745.7 வாட் என்ற வித்தியாசமும் உண்டு. கிலோவாட்டிலேயே பேசினால் அந்தச் சிக்கல் இல்லை.

கார் டைனோவில் லாரியையும் பார்த்துவிடலாம் என்று யாராவது விற்க வந்தால் கவனம். நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 2018-இல் திருத்திய சட்ட வரம்பே 11.5 டன், டிப்பர்களில் பின்னால் இரண்டு அச்சுகள். ரோலர், பேரிங், அடித்தளக் கான்கிரீட் எல்லாமே வேறு அளவு. அரியலூர் லாரிகளை நம்பிக் கடை போடுபவர் அதற்கென்றே திட்டமிட வேண்டும். டிராக்டருக்கோ ரோலரே தேவையில்லை. ரோட்டவேட்டர் போன்ற கருவிகளைச் சுழற்றும் பின்புறப் பி.டி.ஓ. தண்டில் பூட்டும் டைனோவே போதும். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசுச் சோதனை நிலையமும் டிராக்டரின் திறனை அந்தத் தண்டில்தான் அளக்கிறது. டிரெய்லரில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகக்கூடிய கருவி இந்தப் பி.டி.ஓ. டைனோ. விதைப்புக்கு முன் பத்து டிராக்டரை அளந்து சொன்னால் டீசல் எவ்வளவு மிச்சமாகும் என்பது விவசாயிக்குத் தெரியும். கூட்டுறவு அமைப்பு ஏதாவது இதில் முதலிட்டால் மிகவும் நல்லது என்று நினைக்கிறேன்.

பழைய மெஷின் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தகுதிச் சான்று சோதனைக்கான ரோலர் பிரேக் டெஸ்டரும் பார்வைக்கு இதேபோல் இருக்கும். அதில் மோட்டார் ரோலரைச் சுற்றும், வண்டியின் பிரேக்தான் அளக்கப்படும். எஞ்சினின் திறனை அது சொல்லாது.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது; 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பாரத் ஸ்டேஜ் 6 வண்டியில் புகை வடிகட்டியை நீக்கிவிட்டு எண்ணை ஏற்றித் தருவது டியூனிங் ஆகாது. அந்தப் புகையைச் சுவாசிப்பது பின்னால் பைக்கில் வருகிறவர். பந்தய வண்டி என்றால் அதற்கு கோவை கரி ஸ்பீட்வேயும் இருங்காட்டுக்கோட்டைத் தடமும் இருக்கின்றன. தேய்ந்த வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதிலும், புகையைச் சுமையில் வைத்துப் பார்த்துக் குறைப்பதிலும் ஒரு டைனோவுக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்கும். வழக்கமான புகைச் சோதனையில் வண்டியை நியூட்ரலில் வைத்து மிதிக்கிறார்கள். சுமையில் மட்டும் தலைகாட்டும் கோளாறு அதில் தப்பிவிடும்.

விற்பவர் செய்து காட்ட வரும்போது, உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு வண்டியைக் கொண்டுபோங்கள். ஒரே கியர், ஒரே எஞ்சின் வெப்பம், எதிரே பெரிய ஃபேன், அடுத்தடுத்து மூன்று ஓட்டம். மூன்று எண்களும் ஒரு சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான், நீங்கள் செய்யும் திருத்தத்தால் வந்த 3 சதவீத முன்னேற்றத்தை நம்ப முடியும். பிரேக் உள்ள கருவி என்றால் 2000 சுற்றில் அரை நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். சுற்று ஊசலாடக் கூடாது. விசையை அளக்கும் லோட் செல்லின் கையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒரு மீட்டர் கையில் 20 கிலோ தொங்கினால் திரை 196 நியூட்டன் மீட்டர் காட்ட வேண்டும். கல்லை எடுத்தால் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். அந்தக் கையும் முத்திரையிட்ட எடைக்கற்களும் விலைக்குள் அடங்குமா, தனிக் காசா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.